துரை எழுதிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி

என் கண்ணில் ஒருபோதும் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டியில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேறு மாதிரிச் சொல்லுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளை, பூதக்கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள், பாவம் என்பார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் அம்மாவிடம் திரும்பி வந்திருந்தேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து இறந்துபோனவர். பேராதனையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். நிரந்தர இடம் ஒன்று வரப்போகிறது, அதற்கு நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இன்னோர் உதவியாளரும்தான் போட்டி என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் அல்ல. அந்த மேசையும் அந்த ஜன்னலும் மைக்ரோஸ்கோப் என்கிற அந்த நுணுக்குக்காட்டியும் வாழ்நாள் முழுக்க என்னுடையவையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

செடிகளின் கலங்களுக்குள், அதாவது உயிரணுக்களுக்குள், பார்ப்பதுதான் எங்கள் வேலை. வெயில் ஏறுவதற்கு முன் ஏலச் செடியின் வேர் நுனியைக் கிள்ளி, ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்த போத்தலில் போட வேண்டும். பிறகு செஞ்சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெருவிரலால் நசுக்க வேண்டும். கலம் இரண்டாகப் பிரிகிற சமயத்தில் அகப்பட்டுவிட்டால், உள்ளே சின்னச் சின்னச் சிவப்புத் துண்டுகள் தெரியும். இங்கிலீஷில் குரோமோசோம், இப்போது பள்ளிப் புத்தகங்களில் நிறமூர்த்தம் என்கிறார்கள். ஒரு செடிக்கு அவை இத்தனை என்றால் இத்தனைதான். அந்த எண்ணிக்கை சரியாகத் தெரிந்தால்தான் எதை எதனோடு கலந்து புது இனம் எடுக்கலாம் என்று யோசிக்கவே முடியும். என் பெருவிரல் எப்போதும் சிவந்தே இருக்கும். ஞாயிறு பூசையில் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்கள் பலிபீடத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். இந்த வயதிலேயே வெற்றிலை போடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கூடத்தின் தலைவர் ஒரு வெள்ளைக்காரர். எங்களுக்கு அவர் துரை. ஏலத்தின் எண்ணிக்கையை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். இளம் வயதில் எண்ணி எழுதிய அந்த ஒரு கட்டுரையால்தான் அவருக்குப் பேர் வந்தது. அவருடைய எண் இந்தியாவிலும் ஜாவாவிலும் புத்தகங்களில் ஏறியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற விருந்தாளிகள் அதைச் சொல்லித்தான் அவருக்குக் கை கொடுப்பார்கள். பழகுவதற்கு நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன்.

புதிதாக வரப்போகும் ஒரு புத்தகத்துக்காக ஏலத்தை மறுபடி எண்ணி நல்ல படம் ஒன்று வரைந்து தரும்படி துரை என்னிடம் சொன்னார். எண்ணினேன். அவருடைய எண்ணைவிட இரண்டு குறைந்தது. வேறு செடி எடுத்து எண்ணினேன். அதிலும் இரண்டு குறைவு. புசல்லாவைப் பக்கத்து ஏலக்காட்டிலிருந்து கிழங்கு வரவழைத்து, தொட்டியில் வேர் விடவைத்து எண்ணினேன். அதே கதைதான். கடைசியில் காரணம் பிடிபட்டது. ஒரு சோடி நிறமூர்த்தங்களுக்கு இடுப்பு நூலாக ஒடுங்கியிருந்தது. அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. அதனால் தலை ஒரு துண்டு, உடல் ஒரு துண்டு என்று தோன்றும். துரை அந்த இரண்டு தலைகளையும் தனியாக எண்ணிவிட்டிருக்கிறார். வெளிச்சத்தைக் குறைத்துக் கூர்ந்து பார்த்தால் நூல் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துரையும் சந்தோஷப்படுவார் என்றே நம்பிக்கொண்டு அவரைக் கூட்டிவந்தேன். அவ்வளவு பெரிய மண்டு நான்.

குனிந்து நெடுநேரம் பார்த்தார். நூல் ஒன்றும் தெரியவில்லையே என்றார். இன்னொரு தகட்டை மாற்றி வைத்தேன். அதிலும் தெரியவில்லை என்றார். மற்ற உதவியாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார், எண்ணினார், துரையின் எண்ணையே சொன்னார். துரை என் பக்கம் திரும்பி, உனக்கு அடிக்கடி தலைவலி வருகிறதா என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

அன்று மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்த உதவியாளர் மேடையில் என் பக்கமாக வந்து நின்றார்.

“நூல் இருக்குது. நானும் கண்டனான்,” என்றார், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே.

“கண்டீங்கதானே? அப்ப ஏன் உள்ள வச்சுச் சொல்லல?”

“எனக்குக் கீழ மூண்டு தங்கச்சிமார் இருக்கினம். நீங்கள் என்னோட கோவிக்கக் கூடாது.”

“கோவிக்காம மாலை போடவா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் வந்ததும் அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் துரை என்னிடம் ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கண்டி டவுனில் இருந்த கண் டாக்டருக்கு. செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் மளமளவென்று வாசித்தேன். விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள்ளும் பார்த்தார். பிறகு துரையின் துண்டைத் திரும்ப எடுத்து வாசித்து, மோவாயைத் தடவினார். இவ்வளவு பெரிய மனிதர் குறை இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கும்போது, ஒன்றும் இல்லை என்று நான் எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். கடைசியில் ஆகக் குறைந்த பவரில் ஒரு கண்ணாடிக்கு எழுதினார். அதைப் போட்டால் எல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கழற்றினால் சரியாகிவிடும்.

கண் மங்கியவளுக்கு அந்த நூல் தெரியாது. நூல் தெரியாதவர்கள் இரண்டு கூட்டித்தான் எண்ணுவார்கள், குறைத்து எண்ண மாட்டார்கள். இந்தச் சின்னக் கணக்கு அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஓடவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது.

வீட்டில் அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டார்.

“நான் அப்பவே சொன்னேன், ராவும் பகலுமா அதுக்குள்ளயே எட்டிப் பாக்காதன்னு.”

“அம்மா, என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா அம்புட்டுப் பெரிய தொரை டாக்டர்கிட்ட அனுப்புனாரு?”

மறுநாளிலிருந்து வீட்டில் பொன்னாங்காணி. சுண்டலாக, பருப்பில், தேங்காய்ப் பாலில், எப்படித் திரும்பினாலும் பொன்னாங்காணி. கோயிலில் என் கண்ணுக்காக மெழுகுதிரி வேறு ஏற்றினார். அங்கே காரணம் கேட்டவர்களுக்கு எல்லாம் விளக்கமும் சொன்னார். புசல்லாவையில் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் வீட்டார் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கண் போகப்போகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, எனக்கு அவரால் ஒரு நஷ்டமும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

கண்ணாடியோடு மறுபடி எண்ணச் சொன்னார் துரை. அதைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். நுணுக்குக்காட்டியின் திருகைக் கொஞ்சம் திருப்பி மங்கலைச் சரிசெய்துகொண்டால் எந்தக் கண்ணாடியும் ஒன்றும் செய்யாது. இரண்டு குறைவு என்றேன். துரை பெருமூச்சு விட்டார். அந்த ஆண்டின் கடைசியில் நிரந்தர இடம் மற்றவருக்குப் போனது. இவ்வளவு நுட்பமான வேலையைக் கொடுத்து உன் கண்ணை இன்னும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொல்லித்தான் துரை என்னை அனுப்பினார். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்தும் விட்டார். வழி நெடுக அழுதேன். அவமானத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

பிறகு டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் தையலும் சொல்லிக்கொடுத்தேன். ஊசியில் நூல் கோக்க மாட்டாத பிள்ளைகள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். ஒரே தடவையில் கோத்துக் கொடுப்பேன். அவர்களும் போய் வீட்டில், எங்கள் டீச்சருக்குக் கண் தெரியாது என்றுதான் சொன்னார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு சனிக்கிழமை, பேராதனையில் எனக்குப் பதிலாக இடம் கிடைத்த அந்த உதவியாளர் பிஸ்கட் தகரம் ஒன்றோடு அம்பிட்டியவுக்கு வந்தார். உடம்பு வைத்திருந்தது. கதிரையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு சொன்னார். வெளிநாட்டில் யாரோ ஏலத்தை எண்ணியிருக்கிறார்கள். துரையின் எண்ணைவிட இரண்டு குறைவு. துரை அதை ஏற்றுக்கொண்டு ஒரு திருத்தக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் தன் பேரும் துரையின் பேருக்குக் கீழே வருகிறது என்றார். சொல்லிவிட்டு, அச்சான பிரதியைக் கடைசிப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தார்.

“உங்களைப் பற்றியும் ஒரு வரி கிடக்குது,” என்றார். “பேர் போடேல்லை. துரை சொன்னவர், நான் எழுதினனான். வேற ஆக்களிட்டை இருந்து நீங்கள் கேள்விப்படக் கூடாது எண்டுதான் வந்தனான்.”

கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கும் மேசைக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்கு மேலாக, நான் இருந்த இடத்திலிருந்தே வாசித்தேன். மறு எண்ணிக்கை ஒப்படைக்கப்பட்ட உதவியாளரின் பார்வை குறைபாடுடையதாக இருந்தபடியால் இந்தத் திருத்தம் சில ஆண்டுகள் தாமதமாகிவிட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். இனி ஏலத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லாரும், எந்த நாட்டில் இருந்தாலும், என்னை அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

அவரைப் பார்த்தேன். அன்றைக்கு ரயில் மேடையில் சொன்னதை நினைவுபடுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“இப்ப கண் எப்பிடி? சுகமோ?”

அவர் பகிடி விடவில்லை. முகத்தில் கள்ளமும் இல்லை. நூல் இருக்கிறது என்று எனக்குச் சொன்ன அதே மனிதர், உண்மையாகவே என் கண்ணுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன் அம்மா குசினியில் அடுப்புப் பக்கமிருந்து சொன்னார். “எங்க தம்பி சொகமாவுது? கண்ணாடியப் போடு போடுன்னு நானும் தெனம் அடிச்சுக்குறேன். கேக்க மாட்டேங்குறாளே.”

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் புத்தியும் பிசகிவிட்டது என்பார்கள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, அவர் போகும் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.