ஆறரை சைஸ் கையுறை

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குத் தங்கக்கை என்று பெயர். வைத்தவர் டைரக்டர். பதினான்கு வருஷமாக ஒரே மேஜையில் அவளோடு வேலை பார்க்கிறேன். என் கைக்கு ஒரு பித்தளைப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. அவளைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது. ஆனால் அவளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆளும் கிடையாது. வயிற்றெரிச்சலோடு பார்க்கிறவளுக்கு எதுவும் தப்பாது.

மாடுகளுக்கான தடுப்பூசிதான் எங்கள் பிழைப்பு. கோமாரிக்கு ஓர் ஊசி போதாது, சில வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். முதல் ஊசிக்கு மாட்டை ஓட்டிவருகிறவர்கள் இரண்டாவதற்குத் தலையைக் காட்டுவதில்லை. அதனால் மருந்தைப் பாலிமருக்குள் பொதிந்து, பொடிப் பொடி மணிகளாக்கி, ஒரே ஊசியில் போட்டுவிட முடியுமா என்று ஆராய்ச்சி. பாலிமர் மாட்டின் உடம்புக்குள் மெல்லக் கரையும். இரண்டாவது தவணை தானாக வெளியே வரும். மணிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். சுழன்றுகொண்டிருக்கும் சோப்புக் கரைசலுக்குள் ஊசிக்குழாயால் கலவையைச் சீராக விட வேண்டும். அவள் விட்டால் மைக்ரோஸ்கோப்பில் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். நான் விட்டால் தாத்தா, மகன், பேரன் என்று குடும்பமே வந்து நிற்கும்.

யார் வந்தாலும் டைரக்டர் நேரே அவளிடம்தான் கூட்டிவருவார். "இவங்கதான் நம்ம தங்கக்கை." வந்தவர்கள் தலையாட்டுவார்கள், என் பக்கம் முதுகு. ஆண்டு விழா குரூப் போட்டோவில் அவள் டைரக்டருக்குப் பக்கத்தில், நான் கடைசியில். ஒரு வருஷம் என் தோளில் பாதியைக் காணோம். அந்தப் போட்டோக்களை எல்லாம் வீட்டு மேஜை டிராயரில் வைத்திருந்தேன், அவ்வப்போது எடுத்து எரிச்சல்படுவதற்கு. "அந்தப் பொண்ணைப் பத்திப் பேசாம ஒரு வேளையாவது சாப்பிட விடேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

எங்கள் இருவருக்கும் கை ஒரே அளவு. ஆறரை சைஸ் கையுறை, நடுவில் ஒரே பெட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் ஸ்டோரில் போய் ஏழு கேட்டாள். "ஏன், பத்தலையா?" என்றேன். "இறுக்குதுடி, கம்பெனிக்காரன் சின்னதாப் பண்ண ஆரம்பிச்சிட்டான் போல." என் கைக்குச் சரியாகத்தானே இருந்தது! பெருத்துவிட்டாள் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். அடுத்த வருஷம் ஏழரை. விரலில் இருந்த கல்யாண மோதிரம் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. செருப்பு ஒரு சைஸ் ஏறியது, பிறகு இன்னொன்று. குரல் கட்டையாகி, போனில் டைரக்டரே அவளை அவள் வீட்டுக்காரர் என்று நினைத்துப் பேசினார். நெற்றி மேடானது, தாடை முன்னால் வந்தது. ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். "அவ அழகெல்லாம் போச்சுங்க" என்று சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கை மரத்துப் போகிறது என்றாள். வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். அவள் மணிகளிலும் தாத்தாவும் பேரனும் வர ஆரம்பித்தார்கள். டைரக்டர் முதல் தடவையாக என் மணிகளைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அந்த மாதம் முழுக்க எனக்கு நல்ல தூக்கம்.

அப்போதுதான் தலைமை டெக்னீஷியன் பதவி காலியானது. கேட்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். தேர்வுக் குழுவின் முன்னால் மணி செய்து காட்ட வேண்டும். தேதியும் குறித்தாகிவிட்டது.

தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால் மாமியாரை, அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் சுவரில் ஒரு படம். ஒரே ஆளின் இரண்டு முகங்கள், நடுவில் பத்து வருஷம். கீழே எழுதியிருந்தது: மோதிரம் இறுகுகிறதா? செருப்பு சைஸ் கூடுகிறதா? குரல் கட்டையாகிறதா? மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம். ஓரப் பார்வை மங்கினால் தாமதிக்காதீர்கள். மாமியார் பெயரைக் கூப்பிட்ட பிறகும் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் அவள் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, "இந்தக் கதவை யாரு இங்க வெச்சது?" என்று சிரித்திருந்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உடம்பு சரியில்லாதவள் என்று இரக்கப்பட்டுப் பதவியை அவளுக்கே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். தேர்வு முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒன்பது நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தேன். இத்தனை வருஷம் கண் வைத்து நான்தான் இவளை இப்படி ஆக்கிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தேர்வு அன்றைக்கு முதலில் நான். குறை சொல்ல முடியாத மாதிரி செய்து முடித்தேன். அடுத்து அவள். சோப்புக் கரைசல் குடுவை காலையிலிருந்து அவளுக்கு இடது பக்கம், முழங்கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஊசிக்குழாயை எடுக்கத் திரும்பினாள். குடுவை தரையில் விழுந்து சுக்குநூறானது.

"யாரு இதை இங்க வெச்சது?" என்றாள், என்னைப் பார்த்து.

"சரி சரி, வேற குடுவை எடுங்க" என்றார் டைரக்டர்.

நான் சும்மா இருந்திருந்தால் போதும். பதவி என் மடியில் வந்து விழுந்திருக்கும். ஆனால் அவள் தரையைத் துழாவிய விதம் என்னவோ செய்தது. கண்ணாடித் துண்டு இடது கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அவள் வேறெங்கோ தேடுகிறாள்.

"சார், அவளுக்கு இடது பக்கம் கண்ணு தெரியல" என்றேன். வாய் அதற்கப்புறம் நிற்கவில்லை. "கையைப் பாருங்க, ஆறரை போட்டவ இப்ப ஏழரை போடுறா. மோதிரம் ஏறல. செருப்பு ரெண்டு சைஸ் கூடிடுச்சு. குரலைக் கேளுங்க, மூஞ்சியைப் பாருங்க சார்!"

அவள் எழுந்து நின்றாள்.

"நாலு பேர் முன்னாடி என் மூஞ்சியைச் சொல்லிக் காட்டுற. இவ்வளவு பொறாமையாடி உனக்கு?"

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார் டைரக்டர். அம்மா என்ற மரியாதை மட்டும்தான் அதில் பாக்கி இருந்தது. பதினான்கு வருஷம் பொறாமைப்பட்டபோது ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் தடவையாக அவளுக்காகப் பேசினேன், பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் வீட்டு டிராயரில் இருந்த போட்டோக்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேயே இருந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் முன்னால் எட்டு வருஷப் போட்டோக்களை வரிசையாகப் பரப்பினேன். எல்லாவற்றிலும் அவள் நடுவில். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார், திரும்பவும் முதலுக்குப் போனார். "தினமும் பக்கத்துலயே இருக்கேன், எனக்குத் தெரியலையேம்மா" என்றார். பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

கட்டிதான். மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, லேசாக மங்கியிருந்த வலது கண் தெளிந்துவிட்டது, இடது ஓரம் மட்டும் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். "பார்வை திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா. நான் மனசுக்குள் அந்த ஒன்பது நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். கை ஏழுக்கு இறங்கியிருந்தது. மறுபடி தேர்வு வைத்தார்கள். ஒரு பக்கம் தெரியாமல், ஏழாம் நம்பர் கையுறையோடு, அச்சில் வார்த்த மாதிரி மணிகள்! பதவி அவளுக்கு. எரியாமல் இருக்குமா எனக்கு? எரிந்தது.

ஆனாலும் தினமும் அவள் வருவதற்கு முன்னால் மேஜையில் இடது பக்கம் இருப்பதையெல்லாம் வலது பக்கம் நகர்த்திவைத்தேன். ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என் வீட்டுல உன்னை தெய்வம்ங்கிறாங்க. நான்தான் உன்னைத் தப்பா பேசிட்டேன்."

இதற்கு மேல் தாங்கவில்லை. "எனக்கு ஒன்பது நாள் முன்னாடியே தெரியும்" என்றேன். ஆஸ்பத்திரிப் படம், பதவி, எல்லாவற்றையும் சொன்னேன்.

கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் பையை எடுக்கிற நேரத்தில் என் எதிரில் வந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரர் நாலு வருஷம் பார்க்கல. நீ பார்த்தும் ஒன்பது நாள் சொல்லல. எது பெரிசுன்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன், தெரியல." இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "எனக்குப் போன பக்கம் நீ நில்லு. ரிட்டயர் ஆகிற வரைக்கும்."

மன்னிக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. எனக்கு இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா? அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இந்த வருஷ குரூப் போட்டோவில் அவளுக்கு வலது பக்கம் டைரக்டர், இடது பக்கம் நான். இத்தனை வருஷம் நான் ஏங்கிய இடத்துக்கு அடுத்த இடம். கேமராக்காரர் "ரெடி" என்றதும் அவள் கேட்டாள்: "வந்துட்டியா?" ஒட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். அவளுக்குத் தெரியவில்லை. தோளால் இடித்துக் காட்டினேன்.