கீழ் லயத்தில் யானை

சுமலதா முதலில் சேலைத் தலைப்பால் கம்ப்யூட்டர் திரையைத் துடைப்பாள். தூசி இல்லாவிட்டாலும் துடைப்பாள். சேரம்பாடியில் மழை பிடித்துக்கொண்டால் எஸ்டேட் ஆபீசுக்குள் பனியும் உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். துடைத்து முடித்து, "ம், இப்பப் பேசு" என்பாள் திரையிடம்.

நாலு டிவிஷனின் தேயிலைக் கொழுந்து எடையைப் பதிவதுதான் அவள் வேலை. வரைபடம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, எண்களைக் கோடுகளாக வரைகிற கம்ப்யூட்டர் வித்தையைக் கற்றுக்கொண்டதெல்லாம் அவளுடைய சொந்த அரிப்பு. முப்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று வீட்டில் கேலி செய்தார்கள். செய்தால் செய்யட்டும், அவளுக்கென்ன.

பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்; அந்தப் பேச்சும் அவர்களோடு கப்பலேறி வந்துவிட்டது. ஒரே ஜன்னலுக்குள் பல படங்களை அடுக்குவதற்கு அவள் வைத்த பெயர் 'லயம் கட்டுறது'. தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைதான் லயம். ஒரு வரிசை என்றால் ஒரு லயம். வரிசையில் ஒவ்வொரு படமும் ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு. "தனித்தனியா ஊடு கட்டிக் குடுத்தா அவனவன் தன்னைப் பெரிய ஆளும்பான். லயத்துல பக்கத்துப் பக்கத்துல வையி, குட்டு வெளிய வந்துரும்" என்பாள்.

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த அந்த வருஷம், ஒரு டிவிஷனில் பறிப்பை நிறுத்திவிடுவது என்று குன்னூர் தலைமை ஆபீசில் முடிவு செய்தார்கள். எது என்று மானேஜர் கீர்த்திவாசன் எழுத வேண்டும். அவள் போட்ட படங்களை அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து, மூடிப் பார்த்தார்.

"ஏனுங்க சுமலதா, மூணாவது ரொம்ப மோசமுங்களே."

மூன்றாம் டிவிஷனில்தான் அவள் வீடு. அம்மா ஆண்டாயி இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.

மத்தியானச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு நாலு படத்தையும் ஒரே லயத்தில், ஒரே அளவுகோலில் கட்டினாள். அப்போதுதான் திருட்டு பிடிபட்டது. தனி ஜன்னலில் ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டிய அளவுகோலைத் தானே வைத்துக்கொள்கிறது. மூன்றாம் டிவிஷனில் ஆளுக்கு நாள் சராசரி இருபத்திரண்டு கிலோ இருபதாகியிருந்தது, அவ்வளவுதான். அந்த ரெண்டு கிலோ படம் முழுக்க விரிந்து நின்று பூச்சாண்டி காட்டியிருக்கிறது.

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இரண்டாம் டிவிஷன் இருபத்தாறிலிருந்து பதினாலுக்கு இறங்கிப் பள்ளமாகக் கிடந்தது. அங்கே செலஸ்டின் இருக்கிறாள், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வருகிற சிநேகிதி. தன் வீட்டைக் காப்பாற்ற அவள் வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று சுமலதாவுக்கு அழுகை முட்டியது.

செலஸ்டின் முன்பு சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "யானை நிக்குதுடி. பாதி நாள் மலைக்கே ஏற விடல."

குறை செடியில் இல்லையோ என்று பெரட்டுப் புத்தகத்தை இழுத்தாள். காலையில் ஆளெடுக்கும்போது எழுதுகிற புத்தகம் அது. 'யானை' என்று எழுதியிருந்த நாட்களை டிவிஷன்வாரியாக, மாசவாரியாக எண்ணி, கீழே இன்னொரு லயம் கட்டினாள். மேல் லயத்தில் கொழுந்து, கீழ் லயத்தில் யானை. மாதங்கள் மேலும் கீழும் நேருக்கு நேர்.

கீர்த்திவாசன் வந்து மேல் வரிசையை மட்டும் பார்த்தார். "அட, மூணு தப்பிச்சுதுங்க. அப்ப ரெண்டைத்தான் எழுதோணும்." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

பெரிய மனிதரை மறித்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "சார், கம்ப்யூட்டர் கண்ணாடி மங்கியிருக்கு" என்றாள்.

தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு துடைத்தாள். திரை முழுவதையும் துடைக்கவில்லை. இரண்டாம் டிவிஷனின் பள்ளத்தில் தொடங்கி, நேர்க்கோடாகக் கீழே இறக்கி, கீழ் லயத்தில் யானைக்கோடு உச்சிக்கு ஏறி நின்ற இடத்தில் விரலை நிறுத்தினாள்.

கீர்த்திவாசன் கீழே பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார்.

எதையும் எழுதாமலே அவர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் சுமலதா விரலை எடுத்தாள்.