இதயத்தைச் சூழ்ந்த வெள்ளை நீர்

உயிர் கொடுத்த குழாயே என் பேரனின் உயிரை எடுக்கப் பார்த்தது. அந்தச் சாட்சியைத்தான் சொல்ல வந்தேன், சகோதர சகோதரிகளே.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ஈக்காட்டுத்தாங்கலில் போய் என் லேத் பட்டறையைக் கேட்டுப் பாருங்கள், யாரும் வழி காட்டுவார்கள். கர்த்தரும் நானுமாக எழுப்பினது.

போன வருஷம் என் மகள் எஸ்தருக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. பால் குடிக்கத் தெம்பில்லை. அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில், கை நரம்பு வழியாக இதயத்தின் பக்கம் வரை நூல் போல ஒரு குழாய் விட்டார்கள். அதில் வெள்ளையாகச் சத்துமருந்து இறங்கியது. எடை ஏறியது. சந்தோஷத்தில் எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஈஸ்டர் கழிந்த ஞாயிறு, சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் சபைக்கே ஸ்தோத்திர விருந்து வைத்தேன். அப்படி ஒரு பிரியாணி அங்கே யாரும் போட்டதில்லை.

"இன்னா மாமா, புள்ள இன்னும் ஊட்டுக்கே வரல, அதுக்குள்ள அண்டாவ ஏத்திட்ட?" என்றான் மைத்துனன் தாசு.

"நான் கேட்டு கர்த்தரு இல்லன்னதில்லடா. நீ எலையப் போடு."

இலையில் சோறு விழுந்த நேரம் எஸ்தர் போன் பண்ணினாள். "நைனா, புள்ள நீலமாயிட்டான் நைனா. நெஞ்சு நின்னு நின்னு அடிக்குதாம். என்னிய வெளிய அனுப்பிட்டாங்க."

போன் நழுவியது. பாஸ்டர் எடுத்துக் கேட்டார். "யாரும் கை வெக்காதீங்க. முழங்கால் போடுங்க" என்றார். பசியோடு உட்கார்ந்த சபை இலையைத் தள்ளிவிட்டு அப்படியே மண்டியிட்டது. பிரியாணி ஆறியது. ஒருவரும் எழவில்லை.

மறுபடி போன் அடித்தது. எடுக்க எனக்குத் தைரியமில்லை. தாசுதான் எடுத்தான். "மாமா, மூச்சு வந்துடுச்சாம். செவந்துட்டானாம்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா நடந்ததைச் சொன்னார். குழாயின் நுனி நகர்ந்து இதயத்தை அரித்திருக்கிறது. சத்துமருந்து கசிந்து, இதயத்தைச் சுற்றிய பைக்குள் தேங்கி, அதை நெரித்திருக்கிறது. ஊசியால் இழுத்தபோது வெள்ளையாகவே வந்ததாம்.

"ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி ஆகும். கிருமின்னுதான் மொதல்ல நெனச்சோம். ஏதோ தோணுச்சு, நெஞ்சுல ஸ்கேன் வச்சுப் பாத்தேங்க" என்றார்.

அந்த ஏதோ யார் என்று எனக்குத் தெரியும்.

பேரன் இப்போது வீடெல்லாம் தவழ்கிறான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அந்த வார்டு வாசலுக்குப் போய், முன்பின் தெரியாத தகப்பன்மார் பக்கத்தில் உட்காருகிறேன். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஜெபத்தில் என்னை மிஞ்ச எங்கள் சபையில் ஆளில்லை. மைக் பிடித்தால் லேசில் விடமாட்டேன். அன்றைக்கு ஒரு வசனம்கூட வரவில்லை. "ஐயா" என்று மட்டும் சொன்னேன். அதற்கே அவர் வந்தார். உங்களுக்கு வார்த்தை வராவிட்டாலும் முழங்கால் போடுங்கள்.