அடுத்த நம்பர்

“…மூணு வருஷமா மாத்திரை திங்கறேன், இந்த ரிப்போர்ட்ல சுகரே இல்லேன்னு போட்டிருக்கு. இனி நிறுத்திடலாமா தம்பி?”

வித்துராவிலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா, கழக்கூட்டத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என்னைக் கேட்டார். அங்கே ஓடும் புரோகிராம் நானாகவே கற்று எழுதியது.

பதிவைச் சேமித்த பிறகுதான் டேட்டாபேஸ் தானாக ஒரு நம்பர் தரும். நானோ அதுவரை பொறுக்காமல், கடைசி நம்பரோடு ஒன்றைக் கூட்டி, ரத்தக் குப்பிக்கு லேபிள் அடிக்கும்படி எழுதியிருந்தேன். ஒரே கவுண்டர் இருந்தவரை பிசகவில்லை. இரண்டாவது கவுண்டர் திறந்ததும், அக்காவுக்கு நான் ஊகித்த நம்பர் பக்கத்துக் கவுண்டரில் நின்றவருக்குப் போய்விட்டது.

“நிறுத்திடாதீங்கக்கா. இது வேற ஒருத்தர் ரிப்போர்ட். அடுத்த நம்பர் உங்களுக்குத்தான்னு நானே நினைச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது.”

“நானும் பஸ்ல, அடுத்து எழும்புறவர் சீட்டு எனக்குத்தான்னு நினைச்சேன். நெடுமங்காடு வரைக்கும் நின்னேன், கேட்டோ” என்றார் மலையாளம் கலந்து.

எந்தப் புத்தகமும் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை. அந்த மற்றவருக்கும் போன் செய்துவிட்டு, அக்காவின் பதிவைப் புதிதாகச் சேமித்து, டேட்டாபேஸ் தந்த நம்பரைக் கேட்டு வாங்கி லேபிள் அடித்தேன்.

அக்கா அதைத் திரையில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். பிறகு ஜாக்கெட் கையை மேலேற்றிவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.