கரையில் நின்ற கோச்

கயாக் படகுப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கும் முன்பே பைக்கில் ‘கோச்’ என்று எழுதிக்கொண்டவர் ரிஷிவந்தியம் இளவழகன். ஊர்க்கிணற்றில் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழக்குவார்கள். இவர் கரியாலூர் ஏரியில் படகின் மூக்கில் மாட்டுக் கயிற்றைக் கட்டி, கரையில் நின்றபடியே கற்றுக்கொடுத்தார்.

தேர்வன்று, கவிழ்ந்தவரைக் காப்பாற்றிக் காட்டச் சொன்னார்கள். மாணவி மலர்விழி படகைக் கவிழ்த்தாள். இவர் கயிற்றை இழுத்தார். படகு மட்டும் வந்தது.

“இன்னாங்க கோச், படகு பொயச்சிக்கிச்சுங்களா?” என்று கேட்டபடி அவளே நீந்திக் கரையேறினாள்.

“நீங்க ஏன் தண்ணியில எறங்கல?” என்றார் தேர்வாளர்.

“சட்டை புதுசுங்க.”

சான்றிதழ் கிடைக்கவில்லை. முழங்கால் ஆழத்துக்கே நடுங்கும் இந்த மனிதர், தேர்வாளருக்குத் தொழில் தெரியாது என்று இன்றும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.