யூட் அனுப்பிய நாற்பது வரிகள்

கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் எழும்பி, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சின்ன நிரலைத்தான் ஃபேர்ம்வேர் என்கிறோம். எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட ஒரு ஃபேர்ம்வேருக்கு வரும் திருத்தங்களை, மன்னார்த் தாழ்வுபாடு கிராமத்து வீட்டில் இருந்தபடி பார்த்துச் சேர்ப்பது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் பிழை பிடித்துச் சாபம் வாங்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

கையெழுத்து

ஒவ்வொரு திருத்தத்தின் கீழும், அதைத் தரத் தனக்கு உரிமை உண்டு என்பதற்கு அடையாளமாக அனுப்பியவர் பெயர் எழுத வேண்டும். மன்னார் ரவுணில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் விடத்தல்தீவு யூட், முதல் தடவை பேனையால் கையெழுத்து வைத்து, கடை முத்திரையும் குத்திப் படம் அனுப்பினான். "ரைப் பண்ணி அனுப்பு தம்பி" என்றேன். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தலைமை ஆள், 'அன்புள்ள சூசைப்பிள்ளை, மிக்க நன்றி' என்று பதில் எழுதிவிட்டார். மறுநாள் யூட் போன் எடுத்தான்: "அக்கா, 'நான் என்னடா செய்தனான்' எண்டு அப்பா கேக்கிறார்."

வேலை செய்யுது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மடிக்கணினிகள் எங்கள் ஃபேர்ம்வேரில் எழும்பின. ஆனால் கீபோர்ட் செத்துக்கிடந்தது; அதை எழுப்பும் வரிகள் எங்கள் நிரலில் இல்லை. பிள்ளைகளின் செய்முறைப் பரீட்சை நெருங்க நெருங்க, கணினி படிப்பிக்கும் மெற்றில்டா ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

யூட் அதற்கு நாற்பது வரி நிரல் எழுதி அனுப்பினான். ரீச்சரின் முன்னால் போட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்தைத் தட்ட, அது திரையில் வந்து நின்றது! ரீச்சர் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார். வீட்டுக்கு வந்து வரிவரியாகப் படித்தபோதுதான், ஓரத்தில் ஒரு கம்பனியின் பெயரும் 'இரகசியம்' என்ற சொல்லும் கண்ணில் பட்டன. சேர்க்க முடியாது என்று ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். "வேலை செய்யுதுதானே பிள்ளை, பிறகென்ன?"

கடைத்தேங்காய்

யூட்டைக் கேட்டேன். கம்பனியில் இருந்து கசிந்து இணையத்தில் கிடந்ததாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். சேர்த்தால் கம்பனி வழக்குப் போடலாம். சேர்க்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கணினி இல்லை.

ஒரு வழி இருந்தது. அந்த வரிகளைப் பார்த்தவர், கீபோர்ட்டுக்கு என்ன தேவை என்பதை மட்டும் சாதாரண வசனத்தில் எழுதித் தர வேண்டும். பார்க்காத ஒருவர் அதை மட்டும் வைத்துப் புதிதாக நிரல் எழுத வேண்டும்; அப்போது அது களவெடுத்ததாகாது. நானும்தான் படித்துத் தொலைத்துவிட்டேன்; ரீச்சர் பார்த்தது திரையில் வந்த எழுத்தை மட்டும்தான். யூட் தலையைச் சொறிந்தான்: "அப்ப இஞ்ச பாவம் செய்யாத ஆள் ரீச்சர் ஒராள்தான் அக்கா."

வாய்க்குப் பூட்டு

யூட்டின் இரண்டு பக்கக் குறிப்போடு சனிக்கிழமை காலை என் வீட்டில் ரீச்சர் கணினிக்கு முன்னால் இருந்தார். நாங்கள் இருவரும் வாய் திறக்கக்கூடாது. "இதில ஏன் நிக்குது?" என்று ரீச்சர் தனக்குள் கேட்கக் கேட்க, விடை தெரிந்த யூட் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். மூன்று தடவை தோற்றார். நாலாம் தடவை எழுத்து வந்தது! அடுத்ததும் வந்தது! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாங்கள் போட்ட கூச்சலில், மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அயலட்டைச் சனம் எல்லாம் வேலிக்கு வந்துவிட்டது.

நிரலின் கீழே ரீச்சர் தன் பெயரைத் தட்டினார். "இது நான் எழுதினது. எந்தக் கம்பனியெண்டாலும் வந்து என்னட்டக் கேக்கட்டும்."

படித்தவனுக்குத்தான் வேலை என்று ஊர் சொல்கிறது. எங்கள் தொழிலிலோ படித்தவர்களை முற்றத்துக்குத் துரத்திவிட்டு, படிக்காதவரைத்தான் எழுதச் சொல்கிறோம்.