டெக்சாஸில் தினமும் சாகும் முதலாளி

பால் வாங்கப் போன இடத்தில் ஒருவன் எனக்குக் கை கொடுத்தான். ஆஸ்டின் நகரத்தில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்து மளிகை அங்காடி அது. கல்லாவில் நின்ற இளைஞன் என் வங்கி அட்டையில் இருந்த பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டு, "கதை எழுதுகிறவர் நீங்கள்தானே? புரோப்ரைட்டரை நேற்று மட்டும் மூன்று தடவை கொன்றேன். அருமையாகச் சாகிறான் சார்" என்றான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பால் கேனைக் கையில் பிடித்தபடி, ஒரு மனிதன் கொல்லப்பட்டதற்காக நான் நன்றி சொன்னேன். வீடு வரும்வரை மனம் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் துள்ளலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களும், என்னைப் போல வயதான காலத்தில் பிள்ளைகள் பின்னால் விமானம் ஏறி வந்தவர்களும் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தமிழில் நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். மனைவி இறந்தபின் மகள் என்னை இங்கே அழைத்து வந்தாள். அது இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் இருக்கும். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த டயான், கணினியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் ஒரு சூப்பர் ஹீரோ விளையாட்டு நிறுவனத்தில் கதைப் பிரிவைக் கவனித்தாள். விளையாட்டின் இணையதளத்தில் வாராவாரம், எழுதியவர் பெயரோடு, ஒரு தொடர்கதை வரும். அதில் வரும் வில்லன்களை ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் தேடிப்போய் அடிப்பார்கள். என் கதைகளில் ஒன்றை நானே ஆங்கிலமாக்கி அவளிடம் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஒரு புது வில்லனைத் தர முடியுமா என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, பேசும்போது எதிரில் இருப்பவனைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கும் கண்கள், இடது புருவம் இல்லாத முகம். பெயர், தி புரோப்ரைட்டர். எட்டு வருடமாக எனக்குள் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

அவருடைய உண்மைப் பெயர் ராஜாமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆமத்தூர்ப் பக்கம் அவருக்கு ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. எங்கள் அப்பா கூலிக்கு விவசாய வேலை பார்த்தவர். நான் படித்து வாத்தியாரானேன். என் தங்கை முத்துலட்சுமி பட்டாசு வேலைக்குப் போனாள். அவள் கணவன் கணேசன் அதே கம்பெனியில் மருந்து கலக்கும் ஷெட்டில் போர்மேன். ஒரு தீபாவளி சீசனில் அந்த ஷெட் வெடித்தது. நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். வெயில் போவதற்குள் லோடு ஏற்ற வேண்டும் என்று காலையிலிருந்து விரட்டல். கணேசன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வராந்தாவில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி முதலாளி சொன்னார்: "கணேசன் அவசரப்பட்டுட்டான், சார்." அந்த ஒரு வாக்கியம்தான் விசாரணையிலும் நின்றது. நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். முத்துலட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ சும்மா இருண்ணே. நான் கேட்டுக்கிறேன்" என்றாள்.

அவள் கேட்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கொஞ்ச காலத்தில் அதே கம்பெனிக்கே பெட்டி ஒட்டப் போனாள். மகள் செல்வியைப் படிக்க வைக்க வேண்டும், வேறு எங்கே போவது என்றாள். அதை நான் அடிமைத்தனம் என்று நினைத்தேன். இவள் கேட்கமாட்டாள், எனவே கேட்கவேண்டியவன் நான் என்று முடிவு செய்துகொண்டேன்.

டயானுக்கு அவரைப் புரியவைப்பது பெரும்பாடாக இருந்தது. "எதன் புரோப்ரைட்டர்?" என்று கேட்டாள். சிவகாசிப் பக்கம் முதலாளியை அப்படித்தான் எழுதுவார்கள், பெயர்ப்பலகையில்கூட இருக்கும் என்றேன். "கடை வைத்திருப்பவரா? கடைக்காரரைக் கண்டு யார் பயப்படுவார்கள்?" என்றாள். "நீங்கள் அவரிடம் வேலை பார்த்துப் பாருங்கள்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, அவனுக்கு ஒரு காயம் வேண்டும், சிறு வயதில் யாராவது கொடுமை செய்திருக்க வேண்டும், காரணமில்லாமல் கெட்டவனை இங்கே நம்பமாட்டார்கள் என்றாள். காரணமெல்லாம் கிடையாது, தீபாவளிக்கு முன் சரக்கு போக வேண்டும், அவ்வளவுதான் என்றேன். கடைசியில், "அந்தப் புருவமாவது எப்படிப் போனது? வாசகர்கள் கேட்கிறார்கள்" என்றாள். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். தன் தொழிலாளர்கள் மேல் நெருப்பை ஏவி வேடிக்கை பார்த்தபோது ஒரு பொறி திரும்பிவந்து அவர் புருவத்தைத் தின்றது என்று. டயானுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. அடித்து வீழ்த்திய வில்லன் சில நிமிடங்களில் அதே இடத்தில் எழுந்து நிற்பான். அடுத்த ஆட்டக்காரனும் அவனைக் கொல்ல வேண்டுமே, அதற்காக. என் மகள் வேலைக்குப் போனபின் நான் கணினி முன்னால் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலங்கி அணிந்த ஒருவன் மின்னலால் அடிப்பான். பச்சைத்தோல் பெண் ஒருத்தி தூக்கிச் சுவரில் எறிவாள். முதலாளி விழுவார். குடை உருண்டு ஓடும். மறுபடி எழுந்து குடையோடு நின்று வானத்தைப் பார்ப்பார். நீதிமன்றம் கொடுக்காத தண்டனையை ஊர் பேர் தெரியாத அமெரிக்கப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டையே மறந்து பார்த்திருக்கிறேன்.

தனியாக அனுபவித்தது போதவில்லை. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் ஜெயராஜுக்கு, விளையாட்டில் குடையோடு நிற்கும் முதலாளியின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். பழைய சிநேகிதன். எங்கள் ஊர்ப்பக்கம் வெடிப்பெட்டிக்கு லேபிள் போடுகிறவர்களுக்குக் கடவுளும் நடிகையும் குழந்தையும் புலியும் ஒன்றுதான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற படம் கையில் கிடைத்தால் அந்தச் சீசனுக்கு அது லேபிள். யாருடைய படம், யாரிடம் உரிமை என்று கேட்கும் பழக்கமில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினேன். "வேடிக்கைக்கு" என்று மட்டும் எழுதினேன். அவன் பதிலுக்கு, "யாருன்னு தெரியுதுலே! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கு" என்று எழுதியிருந்தான்.

தீபாவளி முடிந்து முத்துலட்சுமி போன் செய்தாள்.

"அண்ணே, சாப்ட்டியா?"

"இப்பத்தான் எந்திரிச்சேன்."

"சண்டைக் கதை எழுதுறியாமே."

"யாரு சொன்னா?"

"வெடிப்பெட்டி சொல்லுச்சு, மிச்சத்த ஜெயராஜ் அண்ணன் சொன்னாரு. சரவெடிப் பெட்டி மேல மொதலாளி நிக்காரு, குடையோட. ஊருல எல்லாப் பயலும் அதையே வாங்கியாந்து அவரு வீட்டு வாசல்ல வச்சுக் கொளுத்துதானுக. 'ஏலே, மொதலாளிக்குத் திரியக் கிள்ளுலே'ன்னு ஒரே கூத்து."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அவரு பாத்தாரா?" என்று கேட்டேன்.

"பாத்தாரு. ஒனக்குக் கேக்குறதுக்கு இதுதான் இருக்கா?" என்றாள். பிறகு, "செல்வி பிரவுசிங் சென்டருல ஒன் கதைய வாசிச்சுச் சொன்னா. வேலையாளுக மேல நெருப்ப ஏவி விட்டப்ப புருவம் கருகுச்சுன்னு எழுதியிருக்கியாமே. அது எப்பிடிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? எரியிற ஷெட்டுக்குள்ள போயி செல்வி அப்பாவ இழுத்துட்டு வந்தது யாரு? நீயா?"

தெரியும். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது இரண்டு கைகளிலும் கட்டு இருந்தது. நெற்றியில் மருந்து பூசியிருந்தது. புருவம் இருந்த இடம் சிவந்து பளபளத்தது. வாக்கியத்தை எட்டு வருடம் வைத்திருந்தேன். முகத்திலிருந்து எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் நல்லவர் என்று சொல்லவரவில்லை. கூட்டமாக ஆட்களை அடைத்ததும் விரட்டியதும் அவர்தான். செத்தவன் மேல் பழியைப் போட்டதும் அவர்தான். அவர்தான் நெருப்புக்குள்ளும் போனார். எழுதத் தெரிந்தவன் நான், இரண்டையும் எழுதியிருக்க வேண்டும்.

மிச்சப் பெட்டிகளைக் கடைகடையாகப் போய்த் தன் போனஸ் பணத்தில் வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டதாக முத்துலட்சுமி சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் நான் எழுதிக்கொடுத்த அத்தியாயத்தில் புரோப்ரைட்டர் ஒரு தொழிலாளியைத் தீயிலிருந்து இழுத்து வருகிறார். டயான் படித்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றாள். மக்கள் இவனை வெறுப்பதற்காகக் காசு கொடுக்கிறார்கள் என்றாள். இவர் உண்மையான மனிதர் என்றேன். அவள் முகம் மாறியது. "வழக்குப் போடுவாரா?" "போடமாட்டார்." "அப்பாடா, பயந்துவிட்டேன்" என்று என் தோளைத் தட்டினாள். நான் எழுதுவதை நிறுத்தினேன். மறுவாரமே வேறொருவன் தொடரை எடுத்துக்கொண்டான். என்னைவிட வேகமாக எழுதினான்.

மறு வருடம் ஊருக்குப் போனேன். முதலாளி வீட்டு வரவேற்பறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"வாங்க புரொபசர், ஒக்காருங்க. பயப்படாதீக, நாற்காலிக்கு அடியில வெடி ஏதும் வைக்கல. அமெரிக்காவுல நான் தெனம் சாகுதேனாமே? மருமகன் காட்டுனாரு. அம்புட்டுத் தடவ செத்தும் சட்டை கசங்கல, பாத்தீகளா."

"புருவத்தைப் பத்தி நான் எழுதுனது பொய். மன்னிக்கணும்" என்றேன்.

"மத்தது?"

"மத்தது பொய்யில்ல. அன்னைக்கு அவசரப்பட்டது கணேசன் இல்ல."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒங்க தங்கச்சி இத என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார். "காப்பி ஆறுது, குடிங்க."

கிளம்ப வேண்டிய நாள் காலையில் இதை முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேட்டுட்ட, சரி. அங்கன அவரக் கொல்லுறத நிப்பாட்டிட்டாகளா?"

"அது என் கையில இல்லம்மா. நான் எழுதிக் குடுத்ததோட சரி. படம் வரஞ்சது வேற ஆளு. இப்ப எழுதுறது வேற ஆளு. உரிமை கம்பெனிக்கு."

அவள் சிரித்தாள். "எங்க கம்பெனியிலயும் அன்னைக்கு இதத்தான் சொன்னாக. லைசென்ஸ் மொதலாளி சம்சாரம் பேருல. ஷெட்டு உள்குத்தகை. ஆள் அனுப்புனது ஏஜெண்டு. ஒவ்வொருத்தரும் கையக் கழுவி, கடைசியில பழி செத்த மனுசன் மேல போய் நின்னுச்சு."

சட்டியை மூடிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்குக் கோவம் இல்லேன்னு நெனச்சிட்ட, என்ன? செல்வி படிப்பு முடியட்டும், வேலைய விட்டு நிக்கிற அன்னைக்கு அவரு மொகத்துக்கு நேரா நின்னு கேக்கணும்னு வச்சிருந்தேன். ஏன்யா அப்பிடிச் சொன்னீருன்னு. அத நீ எடுத்து வெடிச்சுத் தீத்துட்ட. இப்ப ஊரே அவருக்காக உச்சுக் கொட்டுது. பெட்டியப் பாத்து அழுதாராம், சொல்லிக்கிடுதாக. இனி நான் போயிக் கேட்டா, பாவம் அந்த மனுசன விடும்மான்னு என்னையத்தான் சொல்லுவாக."

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "போறப்ப கதவப் பூட்டி சாவிய அடுத்த வீட்டு ஜன்னல்ல வச்சுரு" என்று பூட்டை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். வேன் ஜன்னலில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விருதுநகர் ஜங்ஷனில் பத்தரை மணிக்கு ரயில். பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாதாங்கி நிலையில் விழவில்லை. கதவு தொய்ந்துபோயிருந்தது. தள்ளினேன், தூக்கினேன், காலால் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு பக்குவம் அதற்கு இருந்தது. அடுத்த வீட்டில் கேட்கலாம் என்றால் அங்கேயும் எல்லோரும் அதே வேனில் போய்விட்டார்கள். திறந்து போட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, அவளில்லாத வீட்டுக்குள் போய் உட்காரவும் கூச்சமாக இருந்தது. விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்த பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறந்த பூட்டைக் கையில் பிடித்தபடி, சாயங்காலம் வேன் வரும்வரை அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.